நித்தியகல்யாணிக்கு ஐந்தாவது நைட்ரஜன்

இங்கே மொரீஷியஸில் நித்தியகல்யாணி கடற்கரை மணலிலும் வேலி ஓரத்திலும் கேட்பாரற்று வளர்கிறது. பூர்வீகம் பக்கத்து மடகாஸ்கர். அதிலிருந்து 1950களின் இறுதியில் கனடாவில் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் புற்றுநோய்க்கு மருந்து என்பது பலருக்கும் தெரியும். எனக்குப் பிடித்த கதை அதற்கப்புறம் வருவது.

வின்பிளாஸ்டினில் ஏற்கெனவே 4 நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் வேதியியலாளர் டேல் போகரின் குழு ஐந்தாவது ஒன்றைச் சேர்க்க முயன்றது, அதுவும் ஒரு குறிப்பிட்ட கார்பனில், அங்கிருக்கும் ஹைட்ராக்சில் (OH) தொகுதிக்குப் பதிலாக. கரும்புக் காட்டில் யூரியாவைத் தூவினால் வேர் தேடி எடுத்துக்கொள்ளும். இவ்வளவு பெரிய மூலக்கூறில் அப்படித் தூவினால் குட்டிச்சுவர்தான்.

செடியிலேயே கிடைக்கும் கேதரந்தினையும் விண்டோலினையும் இரும்பு உப்பால் இணைக்கிறார்கள். வரும் பொருளில் வினைபுரியக்கூடிய இரட்டைப் பிணைப்புகள் இரண்டு. இரும்போடு சோடியம் போரோஹைட்ரைடு சேரும்போது உண்டாகும் ஹைட்ரஜன், கார்பன்கள் அதிகம் சூழ்ந்த பிணைப்பைத்தான் தொடுகிறது, ஏனென்றால் அங்கே பிறக்கும் ராடிக்கல்தான் (ஜோடியில்லாத எலக்ட்ரான் கொண்ட துண்டு) மற்றதைவிட நிலையானது. அதைக் காற்றின் ஆக்சிஜன் பிடித்தால் வின்பிளாஸ்டின்; ஆக்சிஜனுக்குப் பதில் மூன்று நைட்ரஜன் கோத்த சோடியம் அசைடு கொடுத்தால் அதே இடத்தில் நைட்ரஜன்! (அசைடு விஷம், வெடிக்கவும் செய்யும், அமிலம் பக்கத்தில் வைக்கக் கூடாது.) அப்புறம் அசைடை அமீனாக்கி (NH₂ தொகுதி), அமீனில் யூரியா தொகுதி. 2013இல் வந்த அவர்கள் கட்டுரைப்படி, அப்படிச் செய்த சில சேர்மங்கள் செல் சோதனையில் வின்பிளாஸ்டினைவிட சுமார் 10 மடங்கு வீரியம் காட்டின. அந்த இடத்தில் பெரிய தொகுதி வைத்தால் மருந்து போய் ஒட்டும் டியூபுலின் புரதத்தில் பொருந்தாது என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள், பொருந்தியது.

ஒரு குறை உண்டு. கார்பன் சரியாக அமைந்தாலும், புதிய தொகுதி அதில் எந்தப் பக்கம் பார்த்து உட்காரும் என்பது முழுக்க நம் கையில் இல்லை. வின்பிளாஸ்டின் செய்யும்போதே பக்கம் மாறிய லியூரோசிடினும் சேர்ந்து வருகிறது.

சரி, இரட்டைப் பிணைப்பே இல்லாத இடத்தில்? கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பையே நைட்ரஜனாக மாற்றும் வழிகளில் அமெரிக்க வேதியியலாளர் ஜஸ்டின் டு போய் ரோடியம் என்ற உலோகத்தை வைத்துச் சாதித்தார். ரோடியத்தின் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்துதான் வருகிறது, நமக்குப் பக்கம்தான், ஆனால் விலை தங்கத்தையே மிஞ்சியதுண்டு. இன்னொரு அமெரிக்க வேதியியலாளர் கிறிஸ்டினா வைட்டின் மாங்கனீசு வினையூக்கி பென்சீன் வளையத்தை ஒட்டிய கார்பனைத் தேர்ந்தெடுக்கிறது, ஃபிரான்சிஸ் ஆர்னால்டோ நொதிகளைப் பழக்கி அதே வேலையை வாங்குகிறார். எனக்கென்னவோ சின்ன ஆய்வகங்களுக்கு இரும்பும் மாங்கனீசும்தான் சரிப்படும், நொதியை மூலக்கூறுக்கு ஏற்பத் திருப்பித் திருப்பி மாற்றியமைக்க நமக்கு ஆளும் இல்லை, கருவியும் இல்லை.