மகிழடியில் ஒரு சத்தியம், அனந்தசரஸில் ஓர் அத்தி

திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலுக்கு வருகிறவர்களில் பலரும் ஆதிபுரீசுவரரையும் வடிவுடையம்மனையும் வணங்கி, வட்டப்பாறை அம்மன் சந்நிதியில் குங்குமம் பெற்றுக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். தலமரத்தின் பக்கம் திரும்புகிறவர்கள் சிலரே. இத்தனைக்கும் இந்தத் தலத்துக்கு மகிழம், அத்தி என இரண்டு தலமரங்கள் உண்டு. பெரியபுராணம் சொல்லும் சுந்தரர் வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம் ஒன்று மகிழ மரத்தின் அடியில்தான் நிகழ்ந்தது. அந்த வரலாற்றின் வழியே ஒற்றியூரிலிருந்து காஞ்சிபுரம் வரை போக வேண்டும், வழியில் மரங்களையும் மூர்த்திகளைப் போலவே நின்று பார்க்க வேண்டும் என்று நானும் என் அக்காவும் வெகுநாளாகப் பேசிவந்தோம். பங்குனி வெயில் முற்றுவதற்குள் கிளம்பிவிட்டோம்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட பிறகு ஒற்றியூர்ப் பயணம் எளிதாகிவிட்டது. தேரடி நிலையத்தில் இறங்கினால் கோயில் நடக்கும் தொலைவுதான். புற்று வடிவான ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டுமே கவசம் நீக்கிப் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். கருவறையின் யானைமுதுகு விமானம் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கல்லில் எடுக்கப்பட்டது. அதைக் கட்டிய தச்சன் இரவி என்பவனுக்கு வீரசோழத் தச்சன் என்று பட்டம் இருந்ததைக் கல்வெட்டே சொல்கிறது. அதையெல்லாம் நிதானமாகப் பார்த்துவிட்டு மகிழ மரத்தடிக்கு வந்தோம்.

ஞாயிறு என்னும் ஊரில் பிறந்து, ஒற்றியூர் இறைவனுக்குப் பூத்தொடுக்கும் தொண்டில் இருந்தவர் சங்கிலியார். அவரை மணக்க விரும்பிய சுந்தரரிடம், 'உன்னைப் பிரியேன்' என்று சத்தியம் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. திருவாரூரை விட்டு நெடுநாள் இருக்க முடியாத சுந்தரர், தாம் சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் இறைவன் கருவறையை விட்டு நீங்கி மகிழ மரத்தில் எழுந்தருளியிருக்க வேண்டும் என்று தோழமை உரிமையோடு கேட்டுக்கொண்டார். இறைவனும் இசைந்தார். பின்பு சங்கிலியார் கனவில் தோன்றி, மகிழின் கீழே சத்தியம் வாங்கிக்கொள் என்றும் அவரே சொல்லிவிட்டார். இருபுறமும் வேண்டியவராக இருந்து கடவுள் ஆடிய இந்த விளையாட்டை, மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவையாக இன்றும் கொண்டாடுகிறார்கள்.

சுந்தரர் ஏன் மகிழ மரத்தைத் தேர்ந்தார் என்று புராணம் காரணம் சொல்லவில்லை. எனக்கு அந்த நிழலில் நின்றபோது ஒன்று தோன்றியது. மகிழம் இலையுதிர்க்காமல் ஆண்டெல்லாம் பசுமையாக நிற்கும் மரம். விளிம்பு சற்றே அலையலையாக மடிந்த, பளபளப்பான கரும்பச்சை இலைகள் நெருங்கி அடைத்துக்கொண்டிருப்பதால் நண்பகலிலும் அடியில் வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் விழும். ஒருவரை மறைத்து வைக்க இதைவிடப் பொருத்தமான மரம் கோயில் வளாகத்தில் கிடைக்காது.

தரையில் உதிர்ந்து கிடந்த பூக்களை ஓர் அம்மா முந்தானையில் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். "ஊசி கொண்டாந்திருக்கலாமே" என்று அக்கா சொன்னதும் அவர் சிரித்தார். "ஊசி எதுக்கும்மா? நடுவுல சாமியே ஓட்டை போட்டுல்ல குடுத்திருக்கு" என்று வாழைநாரில் நாலு பூவைக் கோத்துக் காட்டினார். மகிழம்பூவின் அமைப்பே அப்படித்தான். இதழ்களும் மகரந்தத் தாள்களும் ஒரே வட்டமாக ஒட்டியிருந்து, பழுத்ததும் சூலகத்தைக் காம்பில் விட்டுவிட்டு வட்டமாகவே கழன்று விழும்; ஆகவே நடுவில் துளை இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் தந்த நிறத்தில், நுனி கூர்ந்த மெல்லிய இதழ்கள் சக்கரத்தின் ஆரங்களைப் போல விரிந்திருக்கின்றன. விரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. வாடிப் பழுப்பேறிய பிறகும் மணம் போகாது என்பதால் முன்பெல்லாம் துணிப்பெட்டியில் போட்டு வைப்பார்கள். மகிழத்துக்கு வகுளம் என்றும் பெயர்; நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்று பெயர் வந்தது இந்தப் பூமாலையால்தான்.

மகிழத்தின் பழம் மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறத்தில், ஒற்றைக் கொட்டையோடு இருக்கும். துவர்ப்பு கலந்த இனிப்பு. நாலைந்து தின்றால் நாக்கு தடித்துவிடும். பட்டைப்பொடியை ஈறு உறுதிப்படப் பல் துலக்கப் பயன்படுத்துவது சித்த வைத்தியத்தில் பழைய வழக்கம். மரம் கனமானது, கெட்டியானது. வளர்ச்சிதான் மெது. நட்ட இரண்டாம் ஆண்டே நிழல் கேட்கிறவர்களுக்கு மகிழம் ஒத்துவராது, அதனால்தான் புதிதாகப் போடும் சாலைகளில் அதற்கு இடம் கிடைப்பதில்லை என்று நினைக்கிறேன். அழகுக்கென்று மயில்கொன்றையும் தூங்குமூஞ்சி மரமும் வைக்கிறோம். இரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. பூத்து நிற்கும்போது கண்கொள்ளாக் காட்சி என்பதை மறுக்க முடியாது. ஆனால் 2016 டிசம்பர் வர்தா புயலில் சென்னையில் விழுந்து கிடந்தவற்றில் இவ்விரண்டும் எவ்வளவு என்பதைப் பார்த்தவர்களுக்கு, மெதுவாக வளரும் மரத்தின் மேல் மரியாதை வரும்.

இந்தக் கோயிலில் இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் தனித்தனி லிங்கங்கள் உண்டு. மரங்களிலும் நட்சத்திரக் கணக்கு இருக்கிறது: கார்த்திகைக்கு அத்தி, பூசத்துக்கு அரசு, மகத்துக்கு ஆல், அனுஷத்துக்கு மகிழம் என்று போகும் அந்த வரிசை. அக்காவுக்கு அனுஷம். அனுஷ லிங்கத்துக்கு விளக்கேற்றிவிட்டு மறுபடியும் ஒருமுறை மகிழடிக்குப் போய் நின்றுவிட்டு வந்தார்.

சத்தியத்தை மீறிச் சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் மறைந்தன. 'அழுக்கு மெய்கொடு' என்று தொடங்கும் பதிகம் அப்போது பாடியது. பின்பு அவர் போன திருவெண்பாக்கத்தில் இறைவன் ஊன்றுகோல் மட்டும் தந்தார். அந்தப் பழைய ஊர் இன்று பூண்டி நீர்த்தேக்கத்தின் நீருக்குள் இருக்கிறது. அருகில் எழுப்பிய புதிய கோயிலில் ஊன்றீசுவரரை வணங்கினோம். கூட்டமே இல்லை.

பூண்டியிலிருந்து வரும் வழியில் வாய்க்கால் ஓரமாக நின்ற நாட்டு அத்தி ஒன்றைக் கண்டு வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஓட்டுநர் தம்பி எங்களை விநோதமாகப் பார்த்தாலும் நிறுத்தினார். அத்தி நீரோரத்தை விரும்பும் மரம். கிளை நுனிகளில் காய்க்காமல், அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் கொத்துக் கொத்தாகக் காய்ப்பது அதன் இயல்பு. அன்று இடுப்பளவு உயரத்திலேயே பச்சையும் செம்மையுமாக மரத்தோடு அப்பிக்கிடந்தன. ஒரு காயைக் கிள்ளியதும் பால் சொட்டியது. பழுத்த ஒன்றைப் பிட்டபோது, உள்ளே செந்நிற நார்களுக்கு நடுவே சிறுசிறு பூச்சிகள் நெளிந்தன. "அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் சொத்தை என்று சும்மாவா சொன்னார்கள்" என்று அக்கா முகம் சுளித்தார்.

ஆனால் அந்தப் பூச்சி இல்லாமல் அத்தி இல்லை. நாம் காய் என்று சொல்லும் அந்த உருண்டைதான் பூங்கொத்து. நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் உள்பக்கமாகப் பார்த்துப் பூத்திருக்கும். நுனியில் உள்ள நுண்ணிய வாசல் வழியே பெண் குளவி ஒன்று நெருக்கித் தள்ளி நுழையும்போது அதன் சிறகுகள் முறிந்துவிடுகின்றன. உள்ளே மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே இறந்துவிடுகிறது. அடுத்த தலைமுறையில் சிறகில்லாத ஆண்கள் முதலில் பொரிந்து, பெண்களோடு கூடி, வெளியேறும் வழியைக் குடைந்து கொடுத்துவிட்டு மடிகின்றன. மகரந்தம் சுமந்த பெண்கள் அவ்வழியே வேறு மரத்தைத் தேடிப் பறக்கின்றன. ஆல், அரசு, இத்தி எல்லாவற்றுக்கும் இதே முறைதான், ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு குளவி இனம். அத்தி பூத்ததைக் கண்டவர் இல்லை என்கிறோம். பூ எப்போதும் கண் முன்னே காயுருவில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த நாட்டு அத்தியின் பிஞ்சைக் கூட்டுக்கும் பொரியலுக்கும் எடுப்பார்கள். கடையில் உலர்த்தி விற்பது சீமை அத்தி, அது வேறு இனம். ஆல், அரசு, அத்தி, இத்தி என்னும் நான்கு பால்மரங்களின் பட்டைகளும் சேர்ந்த கஷாயம் புண் கழுவவும் நீராடவும் வைத்தியர்கள் சொல்வது. வேள்வித் தீயில் இடும் குச்சியான சமித்தில் சுக்கிரனுக்கு அத்தி, குருவுக்கு அரசு. இதே குடும்பத்தைச் சேர்ந்த ரப்பர் செடியைத் தொட்டியில் வளர்த்து வரவேற்பறையில் வைத்திருக்கிறோம். வாசலில் நிற்கும் ஆலுக்கு அது உறவு என்பது பலருக்கும் தெரியாது.

அங்கிருந்து காஞ்சிச் சாலையில், பனைமரத்தைத் தழுவி வளர்ந்த ஆலமரம் ஒன்று வந்தது. பறவை எச்சத்தோடு பனைமட்டை இடுக்கில் விழுந்த விதை, அங்கேயே முளைத்து, வேர்களைப் பனையைச் சுற்றித் தரைவரை இறக்கிவிடுகிறது. அதன் அடியில் மஞ்சள் துணி கட்டிய கற்கள். சிறிது தூரத்தில் ஒரு சிற்றூர்ச் சிவன் கோயிலில், உழவாரப் பணிக்கு வந்த இளைஞர்கள் கோபுரத்தில் ஏறி அரசங்கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். குளக்கரையில் மேடை கட்டி, வேம்போடு மணம் செய்வித்து, நாகர் வைத்து நாம் சுற்றி வருகிற அதே அரசு, கோபுரத்துச் சுதைக்குள் வேர் விட்டால் கல்லையே பிளந்துவிடும். "மேல வெட்டினா பத்தாதுக்கா, வேரு உள்ள இருந்தா மறுபடி தழைச்சுரும்" என்றார் கீழே கயிறு பிடித்திருந்தவர். நாவுக்கரசர் கையில், புல்பூண்டு செதுக்கும் கருவியான உழவாரம் இருப்பதன் அருமையை அந்தக் கயிற்றின் அருகில் நின்றபோது உணர்ந்தேன்.

அதே ஊரில் இன்னொன்றையும் பார்த்தேன். பல ஊர்களில் பார்ப்பதுதான். தலமரத்தின் அடியை ஒட்டிச் சிமெண்ட் பூசி, ஓடு பதித்து, அடிமரத்தையே ஒட்டி அகல்களை வரிசையாக ஏற்றி, கிளைகளில் நைலான் கயிற்றில் தொட்டில் கட்டியிருந்தார்கள். நைலான் கயிறு இற்றுப்போகாது. கிளை பருக்கப் பருக்கப் பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். வேர் மூச்சுவிட மண் வேண்டும். மரத்தைத் தெய்வம் என்று சொல்லிக்கொண்டே அதன் தொண்டையை நெரிப்பது எந்த ஆகமத்திலும் இருக்க முடியாது என்பது என் துணிபு.

காஞ்சியில் முதலில் வரதராசர் கோயில். அனந்தசரஸ் குளத்தின் நீராழி மண்டபத்தருகே நீருக்குள் சயனித்திருக்கும் அத்தி வரதர், அத்தி மரத்தால் ஆன மூர்த்தி. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருள்வார். 1979, 2019 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தது, அடுத்தது 2059. 2019 ஜூலை முழுவதும் சயனக் கோலத்திலும், ஆகஸ்டில் நின்ற கோலத்திலும் தரிசனம் தந்தபோது ஊரே மனிதத் தலைகளாக இருந்தது. மரச்சிலை நீருக்குள் இத்தனை காலம் இருப்பது எப்படி என்று அப்போது எல்லாரும் வியந்தார்கள். அத்திக் கட்டை காற்றிலும் வெயிலிலும் விரைவில் உளுத்துவிடும் மென்மரம். நீருக்குள்ளோ நெடுங்காலம் தாங்கும். மரத்தை அரிக்கும் பூஞ்சைக்குக் காற்று வேண்டும், ஆழ்ந்த நீரில் அது கிடைப்பதில்லை. கிணற்றின் அடியில் அத்தி மரச் சட்டம் இறக்குகிற வழக்கம் இந்த அனுபவத்தில் வந்ததுதான். இதைச் சொன்னால் அற்புதம் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. எந்த மரத்தை எங்கே வைத்தால் நிலைக்கும் என்று அறிந்து பெருமாளை அதில் வடித்து நீரில் எழுந்தருளச் செய்த பெரியோர்மேல் எனக்குப் பக்தி கூடத்தான் செய்தது.

மாலையில் ஏகம்பம் என்னும் ஏகாம்பரநாதர் கோயில். சுந்தரர் இடக்கண் பெற்றது இங்கேதான். கண் திரும்பிய களிப்பில் அவர் பாடிய பதிகத்தை, தலமரமான மாவின் அடியை வலம் வரும்போது ஓதுவார் ஒருவர் தமக்குள் முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டு போனார். நாங்கள் அவர் பின்னே போனோம். ஒரு மாவின் நான்கு கிளைகளும் நான்கு வேதங்கள், நான்கு சுவைக் கனிகள் என்பது இத்தல நம்பிக்கை.

சுந்தரருக்கு வலக்கண் திருவாரூரில் கிடைத்தது. அந்தத் தலத்துக்குரிய மரம் பாதிரி, வேனிலில் பூப்பது. இந்த முறை காஞ்சியோடு நின்றுவிட்டதால், சித்திரை பிறந்ததும் திருவாரூருக்கு ரயிலில் பதிவு செய்யும் பொறுப்பை அக்கா ஏற்றுக்கொண்டிருக்கிறார்.