தில்லி – சான் ஃபிரான்சிஸ்கோ: தூரம் கூடினாலும் நேரம் குறையும்

இரு விமான நிலையங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்று இணையத்தில் தேடி, அதை விமானத்தின் வழக்கமான வேகமாகிய மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்துப் பயண நேரத்தைக் கணித்துவிடலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள். தில்லிக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் இக்கணக்கைப் போட்டால், ஏறத்தாழ 12,400 கிலோமீட்டருக்குப் பதினான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக விடை வரும். ஆனால் அந்த 12,400 என்பது பூமியின் வளைபரப்பில் இரு ஊர்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம் மட்டுமே. உருண்டை வடிவ உலகப்படத்தில் நூலைப் பிடித்துப் பார்த்தால் அக்கோடு சைபீரியாவைக் கடந்து ஆர்க்டிக் பகுதியின் வழியாக அமெரிக்காவில் இறங்குவது தெரியும். விமானங்கள் அதை அப்படியே பின்பற்றுவதில்லை.

2016 அக்டோபரில் ஏர் இந்தியா இத்தடத்தில் செய்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு. அதுவரை மேற்கு நோக்கி அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்துகொண்டிருந்த விமானத்தை, கிழக்கு நோக்கி பசிபிக் வழியாகச் சுமார் 15,300 கிலோமீட்டர் பறக்கவிட்டார்கள். தூரம் 1,400 கிலோமீட்டர் கூடியது. பயண நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைந்து பதினான்கரை மணி நேரமாயிற்று. வகுத்துப் பார்த்தால் சராசரி வேகம் மணிக்கு 1,055 கிலோமீட்டர்.

இந்த உபரி வேகம் காற்று கொடுத்தது. முப்பதாயிரம் அடிக்கு மேல் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் தாரைக்காற்று, அதிலும் குளிர்காலத்தில் ஜப்பானுக்கு அருகே, மணிக்கு 200 கிலோமீட்டரை எளிதில் தாண்டிவிடும். விமானம் காற்றினூடே தன் வழக்கமான வேகத்தில்தான் செல்கிறது. காற்றே நகர்வதால் தரையை வைத்துக் கணக்கிடும் வேகம் கூடுகிறது. முன் இருக்கைத் திரையில் தரைவேகம் 1,100-ஐத் தொடும்போது குலுக்கலோ இரைச்சலோ கூடுவதில்லை என்பது முதன்முறை பார்ப்பவருக்கு வியப்பாகத்தான் இருக்கும். எதிர்க்காற்றானால் அதே திரை 800-க்கும் கீழே காட்டும்.

காற்றைத் தவிர அரசியலும் உண்டு. 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஃபின்லாந்து விமான நிறுவனமான ஃபின்னேரின் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரமாக நீண்டது.

டிக்கெட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊரின் நேரம் என்பதையும் மறக்கக் கூடாது. குளிர்காலத்தில் கலிஃபோர்னியா இந்தியாவைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், தில்லியில் அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டுப் பதினான்கரை மணி நேரம் பறக்கும் விமானம், அதே தேதியில் காலை 5 மணிக்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கும். தாளில் பார்த்தால் ஒரு மணி நேரப் பயணம்தான்.