பெத்லகேம் மதிலும் திருக்கல்லறைக் கதவும்

புனித நாட்டுக்குத் திருப்பயணம் போகிற நம் ஊர்க்காரர்களில் பாதிப் பேர், அங்கே இன்றும் கிறிஸ்தவர்கள் குடும்பம் குட்டியோடு வாழ்கிறார்கள் என்பதையே கவனிக்காமல் திரும்பிவிடுகிறார்கள். பயண ஏற்பாடு அப்படி. பஸ், கோயில், போட்டோ, மறுபடி பஸ். கொரோனாவுக்கு முந்தைய வருஷம் எங்கள் குழுவும் அப்படித்தான் ஓடியது. நல்ல வேளையாக, பெத்லகேமில் வாய்த்த வழிகாட்டி எங்களைச் சும்மா விடவில்லை.

முதலில் ஒலிவ மலை. பரலோக மந்திரம் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பதித்திருக்கும் கோயிலில் தமிழ்ப் பலகையைக் கண்டுபிடித்து, முண்டியடித்துப் படம் எடுத்து முடிக்கவே நேரம் போய்விட்டது. அங்கிருந்து கீழே இறங்கினால், எருசலேமைப் பார்த்து ஆண்டவர் அழுத இடத்தில் 1955இல் கட்டிய சின்னக் கோயில். கூரையே கண்ணீர்த் துளி வடிவம். பலிபீடத்தின் முன்பக்கம், குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்த்துக்கொள்ளும் கோழி ஒன்று சின்னச் சின்ன வண்ணக் கற்களில். நிமிர்ந்தால் பெரிய ஜன்னல், அதன் கம்பி வேலைப்பாட்டில் ஒரு திருப்பலிக் கிண்ணம், அதற்கு நேர் பின்னால் எருசலேம் நகரமும் முஸ்லிம்களின் புனிதத் தலமான பாறைக் கோயிலின் தங்கக் குவிமாடமும். உன் சமாதானத்துக்கு எது தேவை என்பதை இன்றாவது நீ அறிந்திருந்தால் என்று இயேசு அழுத பகுதியை ஃபாதர் அங்கேதான் வாசித்தார். எத்தனையோ முறை பூசையில் கேட்டதுதான், ஆனால் அந்த ஊரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கேட்டபோது தொண்டை அடைத்தது.

அப்புறம் பெத்லகேம். இஸ்ரேல் எழுப்பிய எட்டு மீட்டர் உயரச் சிமெண்ட் மதில். நாங்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்து கடந்துவிட்டோம், ஆனால் அந்த ஊர் ஆட்கள் அப்போது வேலைக்குப் போக விடிவதற்கு முன்பே சோதனைச் சாவடியில் அனுமதிச் சீட்டோடு வரிசை நின்றார்கள். 2014இல் திருத்தந்தை பிரான்சிஸ் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப்போய் நெற்றியை வைத்து ஜெபித்தது இந்த மதிலில்தான். அன்றே இஸ்ரேல் அதிபர் பெரெஸையும் பாலஸ்தீன அதிபர் அப்பாஸையும் வத்திக்கானுக்கு அழைத்தார். இருவரும் ஜூன் 8ஆம் தேதி வந்தார்கள், ஜெபித்தார்கள், சேர்ந்து ஒலிவ மரம் நட்டார்கள். அடுத்த மாதமே காசாவில் போர்.

வழிகாட்டி அந்த ஊர்க் கிறிஸ்தவர். "வருகிறவர்கள் எல்லோரும் எங்களுக்காக ஜெபிப்பதாகச் சொல்கிறீர்கள், உங்கள் அரசாங்கத்திடம் எங்களைப் பற்றி யாராவது பேசுகிறீர்களா?" என்று கேட்டார். எங்கள் குழுவில் இருந்த தூத்துக்குடி டீச்சரம்மா, "நாங்க சொன்னா யாரு தம்பி கேப்பா?" என்றார். ஃபாதர் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் வழிகாட்டி சிரித்துவிட்டார். எங்கள் ஆயர்களும் அப்படி நினைத்திருந்தால் 2009 டிசம்பரில் கைரோஸ் அறிக்கை வந்திருக்காது என்றார். இதே பெத்லகேமில் வெளியிட்டது அது. பாலஸ்தீன நிலத்தை இஸ்ரேல் ஆக்கிரமித்திருப்பது கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான பாவம், அதை அன்பின் வழியில் எதிர்க்க வேண்டும் என்று உலகத் திருச்சபைகளுக்கும் அரசியல் தலைவர்களுக்கும் சொன்ன அறிக்கை. எருசலேமின் திருச்சபைத் தலைவர்கள் 13 பேரும் சேர்ந்து அதற்கு ஆதரவு சொன்னார்கள்.

இதன் அருமை, பிறப்புக் கோயிலுக்குள் குனிந்து நுழைந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. யார் எந்த இடத்தைப் பெருக்குவது என்று 2011இல் கிரேக்கக் குருக்களும் அர்மீனியக் குருக்களும் துடைப்பத்தாலேயே அடித்துக்கொண்ட கோயில் அது, போலீஸ் வந்துதான் விலக்கியது! அப்படிப்பட்டவர்கள் சமாதானம் என்று வந்தால் ஒரே குரலில் பேசுகிறார்கள்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2018 பிப்ரவரியில் கோயில் சொத்துக்கு வரி, கோயில் நிலத்துக்குச் சட்டம் என்று வந்ததும், எருசலேமில் இயேசுவின் கல்லறை இருக்கும் திருக்கல்லறை ஆலயத்தையே திருச்சபைத் தலைவர்கள் இழுத்துப் பூட்டினார்கள். மூன்று நாளில் நெத்தன்யாகு அரசு இறங்கிவந்து இரண்டையும் நிறுத்திவைத்தது. வரிக்குக் கதவைச் சாத்தியவர்கள் சமாதானத்துக்கு அறிக்கையோடு நின்றுவிடுகிறார்களே என்று அந்தக் கதவின் முன்னால் நின்று நினைத்தேன். கல்லறையில் முழந்தாளிட்டபோதும் மனசு அதையேதான் சுற்றியது, பக்திக்குறைவு என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

2023இல் காசாப் போர் வந்த பிறகு அந்த எண்ணம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2023 அக்டோபரில் ஹமாஸ் பிடித்துப்போன குழந்தைகளை விட்டால் பதிலுக்கு நானே வருகிறேன் என்றார் எருசலேம் கர்தினால் பிட்ஸபல்லா. 2025 ஜூலையில் காசா திருக்குடும்பக் கோயிலில் குண்டு விழுந்து மூன்று பேர் இறந்ததும், மறுநாளே அவரும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபைத் தலைவரான மறைமுதுவர் தியோபிலோஸும் சேர்ந்தே உள்ளே போனார்கள். ஆகஸ்டில் காசா நகரைக் காலி செய்ய இஸ்ரேல் சொன்னபோது, எங்கள் குருக்களும் அருட்சகோதரிகளும் அங்கேயே இருப்பார்கள் என்று இரண்டு சபைகளும் அறிவித்தன. அறிக்கைதான், ஆனால் உயிரைப் பணயம் வைத்த அறிக்கை.

நிலைமை சரியாகி நீங்கள் போகிற நாள் வந்தால், ஏற்பாடு செய்கிறவரிடம் முன்கூட்டியே கேட்டு பெத்லகேமிலோ பக்கத்தில் பெயித் சாஹூரிலோ ஒரு இரவு தங்குங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அந்த ஊர்க்காரர்களோடு அரபுப் பூசைக்குப் போங்கள். பூசை முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாமல் அவர்களோடு நின்று பேசுங்கள். வழிகாட்டி எங்களிடம் கேட்ட கேள்வியை உங்களிடமும் யாராவது கேட்பார்கள், பதிலோடு போங்கள்.