ஸ்டெம் செல்லுக்குக் கட்டிய அட்வான்ஸ் இன்னும் வரவில்லை

அப்பாவுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தபோது, 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசியைத் தவறவிட்டோம். பிழைத்தார், நடையும் வந்தது. வலது கைதான் வரவில்லை. ஐந்து மாதம் போனதும் சித்தப்பா பொறுமை இழந்து, யூடியூப்பில் பார்த்த ஸ்டெம் செல் (வேறு செல்களாக மாறக்கூடிய மூல செல்) கிளினிக்கில் 5,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டித் தேதியே வாங்கிவிட்டார்.

தஞ்சாவூரிலிருந்து ராத்திரி ரயில், கெஞ்சி வாங்கிய லோயர் பெர்த். சென்னையில் இறங்கிப் போனால் எம்ஆர்ஐ ஃபிலிம் செல்லாது, சிடிதான் வேண்டும் என்று இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். (எங்கே போனாலும் சிடியை எடுத்துக்கொண்டு போங்கள்.) டாக்டரைக் கண்ணால் பார்க்கும் முன்பே கவுன்சலர் ஒருவர் மூன்றரை லட்சம் பேக்கேஜ் என்றார், இஎம்ஐ கூட உண்டாம்.

வராந்தாவுக்கு வந்து எங்கள் நரம்பியல் டாக்டருக்கு போன் போட்டேன். பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல்லை ஆராய்ச்சியாக மட்டுமே கொடுக்கலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறை, ஆராய்ச்சி என்றால் மருத்துவச் சோதனைகளைப் பதியும் அரசுப் பதிவேடான சிடிஆர்ஐயின் பதிவு எண் இருக்கும், நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது, போய்க் கேளுங்கள் என்றார். கவுன்சலரிடம் கேட்டேன். “சொந்த செல்தானே சார், அதுக்கு எதுக்கு நம்பர்?” அவ்வளவுதான், கிளம்பிவிட்டோம். திரும்பும் வழியெல்லாம் சித்தப்பா பேசவே இல்லை.

அப்புறம் டாக்டர் விவரமாகச் சொன்னார். இந்தியாவிலேயே ஐந்து மருத்துவமனைகளில் 120 பேரை வைத்து எலும்பு மஜ்ஜை செல்களைச் சோதித்து 2014-இல் முடிவு வெளியிட்டிருக்கிறார்கள்: ஆபத்தில்லை, ஆனால் செல் கொடுக்காதவர்களைவிடக் கூடுதல் பலனும் இல்லை. அமெரிக்காவில் 2021-இல் அனுமதி பெற்ற வேகஸ் நரம்புத் தூண்டல் (கழுத்து வழியாகப் போகும் ஒரு நரம்பை மின்சாரத்தால் தூண்டும் சிகிச்சை) பற்றியும் விடாமல் கேட்டேன். அதில் நெஞ்சுக்குள் கருவி பதித்து, கைப் பயிற்சி செய்யச் செய்யத்தான் பிசியோதெரபிஸ்ட் பட்டனை அழுத்துவாராம். சரி, பயிற்சியிலிருந்து தப்பிக்க வழியே இல்லை!

அந்தப் பயிற்சிக்கு தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே ஆள் வருவார் என்பதை ஐந்து மாதமாக எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தோம், வந்தார். மணிக்கட்டும் விரலும் லேசாகவாவது தூக்க வருகிறதா என்று பார்த்துவிட்டு, நல்ல கைக்கு உறை மாட்டி முடக்கி, வராத கையாலேயே எல்லாம் செய்ய வைத்தார். அப்பா அவரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறார், திட்டிக்கொண்டே புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக டப்பாவில் போடுகிறார். நேற்று 14.

அட்வான்ஸா? நேரில் வந்து ஃபார்ம் எழுதிக் கொடுத்தால்தான் பரிசீலிப்பார்களாம்.