எழுதியவர்களும் காப்பாற்றியவர்களும்

அமெரிக்கப் பெண் எழுத்தாளர்களைத் தொடர்ந்து வாசித்துவரும் எனக்கு, எழுதியவர்கள் மீது உள்ள அதே மதிப்பு, அவர்களுடைய எழுத்தை அழியவிடாமல் காத்தவர்கள் மீதும் உண்டு. இலக்கிய வரலாறுகள் இந்த இரண்டாம் வகையினரை அடிக்குறிப்போடு நிறுத்திவிடுவது நியாயமன்று.

எமிலி டிக்கின்சனைப் பற்றிப் பலரும் அறிவர். 1886இல் ஆம்ஹர்ஸ்ட் நகரில் அவர் இறந்தபின், தாள்களை மடித்து நூலால் தைத்து அவர் வைத்திருந்த கவிதைக் கட்டுகளைத் தங்கை லவினியா கண்டெடுத்து, அவற்றை அச்சேற்றியே தீருவதென்று உறுதியாக நின்றார். 1890இல் முதல் தொகுப்பு வந்தது. ஆனால் பதிப்பாசிரியர்கள் கைவைத்துத் திருத்திய வரிகள் நீங்கி, அவர் எழுதியபடியே எல்லாக் கவிதைகளும் அச்சாக 1955 வரை ஆயிற்று.

ஹேரியட் ஜேக்கப்ஸ் இன்னும் கொடிய புறக்கணிப்புக்கு ஆளானவர். வட கரோலைனாவின் ஈடன்டன் ஊரில் அடிமையாகப் பிறந்த அவர், எசமானனின் பாலியல் தொல்லையிலிருந்து தப்புவதற்காக, பாட்டி வீட்டுக் கூரைக்கடியில், மிக உயர்ந்த இடத்திலும் மூன்றடியைத் தாண்டாத ஓர் இடுக்கில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தார். நிமிர்ந்து நிற்கவும் வழியில்லாத அந்த இருட்டில், தமரால் பலகையைத் துளைத்து, அந்தத் துளைகளின் வழியே தம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1861இல் புனைபெயரில் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றை, பிற்கால ஆய்வாளர் பலர் வெள்ளை இனப் பெண் ஒருவர் எழுதிய புனைவு என்றே கருதினர். ஜீன் ஃபேகன் யெலின் என்ற பேராசிரியர் ஜேக்கப்ஸின் கடிதங்களைத் தேடி ஒப்பிட்டு, ஒவ்வொரு நிகழ்வையும் சரிபார்த்து, 1987இல் வெளியிட்ட பதிப்பின் மூலம் அந்த நூலை உரியவரிடமே சேர்த்தார். இதைவிடப் பெரிய இலக்கியப் பணியை என்னால் எண்ணிப் பார்க்க இயலவில்லை.

சோரா நீல் ஹர்ஸ்டன் கறுப்பின மக்களே ஆண்ட ஈட்டன்வில் என்ற ஃபுளோரிடா ஊரில் வளர்ந்து, மானிடவியல் பயின்று, தென்மாநிலங்களின் கதைகளையும் பாடல்களையும் ஊர் ஊராகச் சேகரித்தவர். அம்மக்களின் பேச்சுமொழியைச் சற்றும் மெருகேற்றாமல் நாவலுக்குள் கொண்டுவந்ததே அவருடைய தலையாய சாதனை என்பேன். ஆயினும் 1960இல் அரசு ஆதரவு இல்லமொன்றில் வறுமையில் இறந்தார். அதன்பின் அவருடைய தாள்கள் தீயிட்டுக் கொளுத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது, அவ்வழியே வந்த, அவரை அறிந்த காவல் அதிகாரி ஒருவர் நெருப்பை அணைத்தார். கருகிய ஓரங்களோடு அத்தாள்கள் இன்றும் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் உள்ளன.

பெயர்ப்பலகைகூட இல்லாமல் கிடந்த அவருடைய கல்லறையை, 1973இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர், தாம் ஹர்ஸ்டனின் உறவுப்பெண் என்று சொல்லிக்கொண்டு, இடுப்பளவு புதருக்குள் தேடி, தம் செலவில் கல் நாட்டினார். அந்தக் கல்லில் பிறந்த ஆண்டு 1901 என்று இருக்கிறது. உண்மையில் அவர் பிறந்தது 1891இல். இளமையில் பள்ளியில் சேர்வதற்காகத் தம் வயதைக் குறைத்துச் சொல்லியிருந்தார். இரண்டு ஆண்டுகளில் வாக்கர் எழுதிய கட்டுரைக்குப் பின், ஹர்ஸ்டனின் நூல்கள் மறுபதிப்புக் கண்டு வகுப்பறைகளுக்குள் நுழைந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கடத்திவரப்பட்ட குட்ஜோ லூயிஸ் என்ற முதியவரைச் சந்தித்து, அவர் பேசிய பேச்சிலேயே ஹர்ஸ்டன் எழுதிவைத்த கையெழுத்துப்படி, அந்த வழக்குமொழியை மாற்ற ஹர்ஸ்டன் மறுத்ததால் பதிப்பாளர் இன்றிக் கிடந்து, 2018இல் நூலாயிற்று.