இளைத்த உடம்புக்கு இரண்டு எல்லைகள்

மணமுறிவு, வீடு மாற்றம், புதிய வேலை என மூன்றும் ஒரே ஆண்டுக்குள் என் வாழ்க்கையில் நடந்தன. அந்த ஆண்டின் தொடக்கத்தில் என் எடை 82 கிலோ. முடிவில் 73. இளைக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இருந்ததில்லை. பசி விட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான். தட்டில் போட்டுக்கொண்டு உட்காருவேன். இரண்டு வாய் உள்ளே போகும். மூன்றாவது வாய் தொண்டையிலேயே நிற்கும். மூடி வைத்துவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிடுவேன். அந்தப் ‘பிறகு’ பெரும்பாலும் மறுநாள் மதியம்தான் வரும்.

பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். “நன்றாக இளைத்துவிட்டாயே, என்ன செய்தாய்?” என்ற கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று கணக்கில்லை. அக்கா மட்டும்தான் வேறு மாதிரி பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “நீ முதலில் டாக்டரிடம் போ” என்றாள். இன்றும் யாராவது சொல்லாமல் கொள்ளாமல் மெலிந்து தெரிந்தால், எனக்குப் பாராட்டத் தோன்றுவதில்லை. “சாப்பிட முடிகிறதா?” என்றுதான் கேட்கிறேன்.

முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், காரணத்தைத் தேடியே ஆக வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் பொதுவான அளவு. 82 கிலோவில் அது ஏறக்குறைய 4 கிலோ. எனக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போயிருந்தது. “மன உளைச்சல்தான் காரணம்” என்று நான் சொன்னதை டாக்டர் குறித்துக்கொண்டார். ஆனால் அத்துடன் விடவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி: “பசி எடுத்தும் இளைக்கிறீர்களா, பசியே இல்லாமல் இளைக்கிறீர்களா?” நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கினால் தைராய்டு அதிகமாகச் சுரப்பது, சர்க்கரை நோய், குடல் சத்தை உறிஞ்சாமல் விடுவது போன்றவற்றை முதலில் சந்தேகிப்பார்களாம். பிறகு விழுங்கச் சிரமம், இரவு வியர்வை, நீடித்த இருமல், மலத்தில் மாற்றம், அதிகத் தாகம், புதிதாகத் தொடங்கிய மாத்திரை என ஒவ்வொன்றாக விசாரித்தார். தூக்கத்தைப் பற்றியும், எதிலும் நாட்டம் இல்லாமல் போய்விட்டதா என்றும் நிதானமாகக் கேட்டார். மனச்சோர்வு நோயும் பசியை அடியோடு கெடுக்கும். ரத்தம், சிறுநீர், தைராய்டு, சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம், மார்பு எக்ஸ்ரே எல்லாம் பார்த்த பிறகுதான், “உளைச்சல்தான் காரணம் என்று இப்போது சொல்லலாம்” என்றார். இந்த வரிசை முக்கியம். வாழ்க்கையில் பெரிய மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே தைராய்டும் கெடலாம், காசநோயும் வரலாம். துயரம் இருக்கிறது என்பதற்காக நோய் ஒதுங்கி நிற்காது.

ஒரே உளைச்சல் சிலரை இளைக்க வைத்து, சிலரைப் பருக்க வைப்பது ஏன் என்றும் அவரிடம் கேட்டேன். திடீர் நெருக்கடியில் மூளை சுரக்கும் ஒரு ஹார்மோன் பசியை அடக்குகிறது. இரைப்பையும் மெதுவாகக் காலியாகிறது. அதனால்தான் இரண்டு வாயிலேயே வயிறு நிறைந்ததுபோல் இருக்கிறது. அதே நெருக்கடி மாதக்கணக்கில் நீடிக்கும்போது கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் அதிகமாகி, இனிப்பிலும் கொழுப்பிலும் ஆசையைக் கிளப்பலாம். யாருக்கு எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதாம்.

போன ஒன்பது கிலோவும் கொழுப்பு என்று நம்ப எனக்கும் ஆசைதான். புது வீட்டுக்குப் புத்தகப் பெட்டிகளை ஏற்றும்போது உண்மை தெரிந்துவிட்டது. முன்பு இரண்டு மாடி ஒரே மூச்சில் தூக்கிக்கொண்டு போன அதே பெட்டி. இப்போது முதல் திருப்பத்திலேயே முழங்கால் நடுங்கியது. பெட்டியைப் படியில் இறக்கி வைத்து, சுவரில் சாய்ந்து நின்றேன். போதிய உணவும் புரதமும் இல்லாமல் எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. சில வாரங்களில் தலைமுடியும் கொத்துக்கொத்தாக உதிர ஆரம்பித்தது. உடம்பு பெரும் அதிர்ச்சியைச் சந்தித்து இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படி உதிர்வது வழக்கம் என்றும், பெரும்பாலும் தானாகச் சரியாகும் என்றும் டாக்டர் சொன்னார். எனக்குச் சரியானது.

வேலை நிலைப்பட்டு, தூக்கமும் திரும்பிய பிறகு பசி வந்தது. வந்த வேகம் என்னைப் பயமுறுத்தியது. சாப்பிட்டு எழுந்த உடனேயே மீண்டும் பசிக்கும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்ததைப் பற்றி அப்போதுதான் படித்தேன். எடையில் கிட்டத்தட்ட கால் பங்கை இழந்திருந்த அவர்களில் சிலருக்கு, உணவு தாராளமாகக் கிடைத்த பிறகும் பசி அடங்கவில்லை. எடை முதலில் கொழுப்பாகவே திரும்பியது. 2011இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வும், எடை குறைத்தவர்களுக்குப் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஓராண்டு கழித்தும் பழைய நிலைக்கு வரவில்லை என்று காட்டியது. இதைப் படித்ததும் எனக்குப் பெரிய ஆறுதல். என் பசி பேராசை இல்லை. இழந்ததை மீட்க உடம்பு செய்யும் வேலை.

ஆனால் 82க்குத் திரும்ப எனக்கு விருப்பமில்லை. மூட்டுவலி குறைந்திருந்தது, ரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது. 73 என் உயரத்துக்குத் தகுந்த எடைதான் என்று டாக்டரும் சொன்னார். அப்படியானால் அதை ஒழுங்கான சாப்பாட்டோடு தக்கவைக்க வேண்டும். பட்டினியில் வந்த எடையைப் பட்டினியால் காப்பாற்ற முடியாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

பசியை நம்புவதை நிறுத்திவிட்டு, கடிகாரத்தை நம்பினேன். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பாடு, பசித்தாலும் பசிக்காவிட்டாலும். ஒவ்வொரு வேளையிலும் முட்டை, மீன், பயறு, தயிர் என ஏதாவது ஒரு புரதம். இரவு நேரத்துப் பசி இதிலேயே பாதி அடங்கியது. வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவும் அதுதான். அத்துடன் வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. நடை எனக்குப் பிடித்தது, பளு தூக்குவது பிடிக்கவில்லை. இருந்தாலும் பலன் அதில்தான் கண்கூடாகத் தெரிந்தது. தராசு பல வாரம் அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்க, படியேறும்போது கால் நடுங்குவது நின்றது.

எடை பார்ப்பது வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, காலையில், சாப்பிடுவதற்கு முன். எண்ணை எழுதி வைக்கிறேன். 75க்கு மேல் இரண்டு வாரம் நின்றால், நொறுக்குத் தீனியும் தூக்கமும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பேன். இதை எல்லோரும் சொல்வார்கள். நான் சேர்த்துக்கொண்டது கீழ் எல்லை: 71க்குக் கீழே போனால் டாக்டரைப் பார்க்க வேண்டும். உளைச்சலில் இளைக்கும் உடம்பு எனக்கு இருக்கிறது. அடுத்த முறையும் இதே வழியில்தான் போகும். எடையைத் தக்கவைப்பது என்றாலே மேலே ஏறாமல் பார்த்துக்கொள்வது என்றுதான் பேசுகிறோம். என்னைப் போன்றவர்களுக்கு ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. அதுவும் கீழே இறங்கும்போது சுற்றியிருப்பவர்கள் கைதட்டுவதால் அது கண்ணிலேயே படுவதில்லை.

அந்த எல்லை அண்மையில் உதவியது. அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. மருத்துவமனையில் இரவும் பகலும். மறுபடியும் பசி போய்விட்டது. எடை 70.6. அந்த வாரமே டாக்டரிடம் போனேன். தைராய்டும் சர்க்கரையும் மீண்டும் பார்த்தார். இரண்டும் சரியாக இருந்தன. திட உணவு இறங்காத வேளைகளில் பால், முட்டை கலந்த கஞ்சி, பயறு சூப் என்று குடிக்கும் வடிவில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அம்மா வீடு திரும்பிய பிறகு மெல்ல 72க்கு வந்தேன். என் கீழ் எல்லை எது என்று இப்போது அக்காவுக்கும் தெரியும். வாரம் ஒரு முறை போனில் எண்ணைக் கேட்பாள். நான் மழுப்பினால் நேரிலேயே வந்துவிடுவாள்.