எட்டு நாள் மாவுக்குச் சொந்தக்காரன்

எங்கள் ஊரில் யூதன் என்பது ஒரு வேசம். சிவப்புச் சட்டை, தகரத்தில் வெட்டிய தலைக்கவசம், கரி பூசிய தாடி, கையில் பனைநாரில் திரித்த சாட்டை. மன்னார்த் தீவுக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பேசாலையில் உடக்குப் பாஸ் என்று பாவைகளை வைத்து இயேசுவின் பாடுகளை நடத்திக் காட்டுவார்கள். எங்கள் ஊரில் ஆட்களே நடிப்பார்கள். ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலம் தொடங்கினால் கோயில் வளவில் ஒத்திகையும் தொடங்கிவிடும். இயேசுவை அடித்தவர்கள் ரோமச் சேவகர் என்றுதான் நாடகக் கொப்பியில் எழுதியிருக்கும். ஆனால் ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அடிக்கிறவன் எல்லாம் யூதன்தான். பதினேழு வயதில் எனக்கும் அந்த வேசம் கிடைத்தது. நான் ஓங்கி அடித்ததைப் பார்த்துவிட்டு அம்மம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அந்தத் தீவில் யாருமே உயிருள்ள யூதர் ஒருவரைக் கண்டதில்லை. நானும் 2001இல் ரொறன்ரோவுக்கு வந்த பிறகுதான் கண்டேன். கண்டது மட்டுமில்லை, அவரிடமே வேலைக்கும் சேர்ந்தேன்.

பாதர்ஸ்ட் தெருவில், ஃபிஞ்சுக்குக் கிட்ட ஒரு பேகல் பேக்கரி. இரவு பதினொரு மணிக்கு வேலை தொடங்கும். ஸ்காபறோவில் இருந்து ஃபிஞ்ச் பஸ்ஸில் வந்து இறங்கி, பனிக்குள் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். பேகலை முதலில் பார்த்தபோது உழுந்துவடை பெருத்துவிட்டது என்று நினைத்தேன். மாவைக் கயிறு மாதிரி உருட்டி, நாலு விரலைச் சுற்றி வளைத்து, இரண்டு நுனியையும் உள்ளங்கையால் பலகையில் தேய்த்து ஒட்ட வேண்டும். பிறகு கொதிதண்ணியில் போட்டு எடுத்து, எள்ளில் புரட்டி, அடுப்புக்குள் தள்ள வேண்டும். அந்தக் கொதிதண்ணிதான் இரகசியம். அதில் கிடந்து எழும்பாத பேகல் வெறும் வளைந்த பாண். முதல் கிழமை நான் ஒட்டியதெல்லாம் தண்ணிக்குள் கழன்று விரல் நீளத்துக்கு மிதந்தன. முதலாளி அவற்றை ஒரு தட்டில் எடுத்து வைத்து, "இது உன் தேசத்துப் பேகலா?" என்று கேட்டார்.

அவருக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. போலந்தில் பிறந்தவர். போர் முடிந்த பிறகு, 1947க்கும் 1949க்கும் இடையில், பெற்றோரை இழந்த யூதப் பிள்ளைகள் 1,100க்கும் மேற்பட்டோரைக் கனடா எடுத்தது. அதில் அவரும் ஒருவர். இதைத் தானாக அவர் சொல்லவில்லை. ஒருநாள் நான் என் அகதி வழக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றிய கதைக்கு வந்தேன். அவர் மாவில் இருந்து கையை எடுத்தார். "உங்களைக் காப்பாற்றினார்கள். 1939இல் எங்கள் ஆட்கள் தொள்ளாயிரம் பேர் ஒரு கப்பலில் வந்தபோது, இதே கனடா வேண்டாம் என்று சொல்லிவிட்டது" என்றார். செயின்ட் லூயிஸ் என்ற கப்பல். கியூபா விடவில்லை, அமெரிக்கா விடவில்லை, கனடாவும் விடவில்லை. ஐரோப்பாவுக்கே திரும்பிப் போனது. போனவர்களில் 250க்கும் மேற்பட்டோர் பிறகு நாஸிகளின் கையில் செத்தார்கள்.

சரி, இந்தக் கதையைக் கிளப்பிய படத்துக்கு வருகிறேன்.

2004 மாசி 25, விபூதிப் புதன், தபசுகாலத்தின் முதல் நாள். இயேசுவின் பாடுகளைப் பற்றிய மெல் கிப்சனின் 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' அன்றைக்குத்தான் அரங்குக்கு வந்தது. எங்கள் கோயில் ஆட்கள் முன்கூட்டியே ரிக்கெற் வாங்கி, இரண்டு வானும் பிடித்திருந்தார்கள். நெற்றியில் சாம்பலோடு தியேட்டர் வாசலில் வரிசையாக நின்றோம். உள்ளே பொப்கோர்ன் வாங்கலாமா, இன்றைக்கு ஒருசந்தி ஆயிற்றே என்று பெண்களுக்குள் ஒரு சின்ன வழக்கு நடந்தது. படம் தொடங்கிய பிறகு பொப்கோர்னை யாரும் நினைக்கவில்லை. சாட்டையடி நீண்டுகொண்டே போனது. எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா செபமாலையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். நானும் அழுதேன். பனைநார்ச் சாட்டை பிடித்த கை அல்லவா, மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே அழுதேன் என்று நினைக்கிறேன்.

பிரச்சினை வெளியே வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. படம் வருவதற்கு முதல் வருசமே அமெரிக்காவில் கத்தோலிக்க, யூத அறிஞர்கள் சிலர் திரைக்கதையை வாசித்து எச்சரித்திருந்தார்கள். ஆபிரகாம் ஃபாக்ஸ்மன் தலைமையிலான அவதூறு எதிர்ப்பு லீக் என்ற யூத அமைப்பு, யூத வெறுப்பை இது கிளறும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்களுக்கு அது பெரிய கோபம். பூசைக்குப் பிறகு கோயில் பேஸ்மென்றில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே வாக்குவாதம் நடக்கும். உபதேசியார் அண்ணைதான் முன்னுக்கு நிற்பார்.

"வேதத்தில இருக்கிறதைத்தானே எடுத்திருக்கிறான். ஒரு சொல்லுக் கூட்டினானா, குறைச்சானா?"

கூட்டியிருந்தார். அதுதான் விசயம். ரோம ஆளுநர் பிலாத்துவின் மனைவி மாதாவுக்கு வெள்ளைத் துணி கொடுப்பதும், மாதா நிலத்தில் சிந்திய இரத்தத்தை அதால் ஒற்றியெடுப்பதும் எந்த நற்செய்தியிலும் இல்லை. அது ஆன் கத்தரீன் எம்மெரிக் என்ற ஜெர்மன் கன்னியாஸ்திரியின் தரிசனங்களில் இருந்து வந்தது. அவர் சொன்னதைக் கவிஞர் கிளமென்ஸ் பிரெண்டானோ எழுதி 1833இல் வெளியிட்டார். படத்தில் பிலாத்து மனச்சாட்சிக்காரராக, இரக்கமுள்ளவராக வருகிறார். அந்த நூற்றாண்டு யூத எழுத்தாளர்களான பிலோவும் ஜோசிபஸும் எழுதிவைத்த பிலாத்து கொடூரமானவன். அவனை நல்லவனாக்கினால் பழி எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும். யூதாசைத் துரத்துகிற யூதச் சிறுவர்களின் முகம் பேய் முகமாக மாறுகிற காட்சியும் இருக்கிறது. அது எந்த வேதத்தில் என்று நான் கேட்டேன். அண்ணை, "அது சினிமா" என்றார். கொஞ்சத்துக்கு முன் வேதமாக இருந்தது.

அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆணியைப் பிடிக்கிற கை கிப்சனின் சொந்தக் கை. எல்லாருடைய பாவமும் சேர்ந்துதான் அறைந்தது என்று காட்டவே அப்படிச் செய்தார். மாதாவாக நடித்த மாயா மோர்கன்ஸ்டேர்ன் ருமேனிய யூதப் பெண். சிலுவை சுமக்க உதவுகிற சீமோனை ஒரு சேவகன் 'யூதன்' என்று காறித் துப்புவதுபோலக் கூப்பிடுகிறான். சீமோன்தான் அந்தக் காட்சியில் ஆகப் பெரிய மனிதன். இதையெல்லாம் அண்ணை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தடை செய்ய வேண்டிய படம் என்று நானும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் பயப்படுகிற ஒருவரைப் பார்த்து 'உனக்கேன் பயம்' என்று கோபப்படுவது எனக்குத் தொண்டையில் சிக்கியது. கொழும்பில் பொலிஸ் பதிவுக்காக வரிசையில் நின்றபோது எங்களிடமும் அதைத்தான் கேட்டார்கள். குற்றம் செய்யாதவனுக்கு ஏன் பயம் என்று.

அந்த வாக்குவாதத்தை முடித்து வைத்தவர் எங்கள் தோட்டவெளி மாமி. அதுவரை வாய் திறக்காமல் பிளாஸ்கைக் கழுவிக்கொண்டிருந்தார். 1544இல் நல்லூரில் இருந்து யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னன் மன்னாருக்குப் படையோடு வந்து, வேதத்துக்கு மாறின அறுநூறு பேர் வரையில் வெட்டிக் கொன்றான். அந்த வேதசாட்சிகளின் மண் தோட்டவெளியில்தான் இருக்கிறது.

"தம்பி உபதேசி, எங்கட ஆக்களை வெட்டினது சங்கிலியன். அதுக்காக இப்ப நல்லூரில இருக்கிற சனத்தின்ர பிள்ளையளில பழி போடுவியளோ? உம்மட பெண்சாதி நல்லூர்தானே?"

பேஸ்மென்ற் முழுக்கச் சிரித்தது. அண்ணையும் சிரித்தார். ஃபாதர் மட்டும் சிரிக்காமல், திருச்சபை இதை 1965இலேயே சொல்லிவிட்டது என்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'நோஸ்ட்ரா ஏட்டாட்டே' என்ற ஏடு. இயேசுவின் பாடுகளில் நடந்ததை அந்தக் காலத்து யூதர் எல்லார் மேலும் வேறுபாடின்றிச் சுமத்த முடியாது, இந்தக் காலத்து யூதர் மேலும் சுமத்த முடியாது. முப்பத்தொன்பது வருசத்துக்கு முந்திய செய்தி. எங்கள் பாஸ் கொப்பிக்கு அது வந்து சேரவேயில்லை.

பேக்கரியில் நான் படத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. முதலாளிதான் ஒரு இரவு கேட்டார்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அதில் என்ன பாசையில் கதைக்கிறார்கள்?"

"அரமேயமும் லத்தீனும். கொஞ்சம் எபிரேயமும்."

அரமேயம் என்றதும் அவர் முகம் மாறியது. அவர்களின் கலியாண ஒப்பந்தம் அரமேயத்தில்தான் எழுதுவார்களாம். செத்தவருக்குச் சொல்கிற காதிஷ் செபமும் அரமேயம்தானாம். "என் அப்பாவுக்கு நான் வருசா வருசம் அந்தப் பாசையில்தான் செபம் சொல்கிறேன்" என்றார். கொஞ்ச நேரம் மாவை உருட்டிவிட்டு, "அந்த வரி இருக்கிறதா?" என்று கேட்டார்.

எந்த வரி என்று நான் கேட்கவில்லை. மத்தேயு 27:25, பிலாத்து முன் நிற்கிற கூட்டம் சொல்வது. 'இவனுடைய இரத்தப்பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும் விழட்டும்.' எதிர்ப்பு வந்ததால் கிப்சன் திரைக்குக் கீழே வருகிற ஆங்கில எழுத்தில் அதை எடுத்துவிட்டார், ஆனால் நடிகர் அரமேயத்தில் சொல்வது அப்படியே இருக்கிறது. இதைச் சொன்னேன்.

"அப்ப, வாசிக்கிறவனுக்கு இல்லை. காதால் கேட்டு விளங்குகிறவனுக்கு இருக்கிறது" என்றார். பிறகு, தன் ஊரில் பெரிய வெள்ளியன்று அம்மா காலையிலேயே கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, யன்னல் பலகையையும் சாத்திவிடுவார் என்றார். பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரம் பிள்ளைகள் மேசைக்குக் கீழே இருக்க வேண்டும். "அதைப் போரோடு சேர்க்காதே, அது போருக்கு முந்தி" என்றார். அவ்வளவுதான். எள்ளுத் தட்டை நகர்த்தச் சொன்னார்.

அதே பங்குனியில் தோர்ன்ஹில்லில் யூதர் வீடுகளில் சுவஸ்திகா கீறினார்கள். வட ரொறன்ரோவில் ஒரு யூத இடுகாட்டில் கல்லறைக் கற்களைப் பிரட்டிப் போட்டார்கள். படத்துக்கும் இதற்கும் தொடர்பு என்று யாரும் நிரூபிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிழமை பேக்கரிக்கு வந்த கிழவிகள் ஒருவரும் வாசலில் நின்று கதைக்கவில்லை. பாணை வாங்கியதும் போய்விட்டார்கள். சித்திரை 5ஆம் திகதி மொன்றியலில் ஒரு யூதப் பள்ளிக்கூட நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். அன்று மாலைதான் அவர்களுக்குப் பாஸ்கா திருநாள் தொடங்கியது.

அந்தப் பாஸ்காவுக்கு முன்தான் எனக்கு ஒரு பதவி உயர்வு கிடைத்தது. பாஸ்கா எட்டு நாளும் புளித்த மா எதுவும் யூதரின் உடைமையாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். வீடென்றால் கூட்டிக் கழுவி எறியலாம். பேக்கரியில் மூட்டை மூட்டையாக இருக்கிறதை என்ன செய்வது? யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடுவார்கள். உண்மையான விற்பனை, யூத மதகுருவான ரபி எழுதுகிற ஒப்பந்தம். முற்பணம் கொஞ்சம், மிச்சம் கடன். திருநாள் முடிய, வாங்கியவர் மிச்சத்தைக் கட்டாவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். முந்திய வருசங்களில் வாங்கி வந்த உக்ரேனியர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

"உன்னை எழுதவா?" என்றார் முதலாளி.

ரபி வந்தார். நான் 50 டொலர் கொடுத்தேன். கையெழுத்து வைத்தேன். மா, ஈஸ்ட், அலமாரியில் இருந்த ஒரு விஸ்கிப் போத்தல் எல்லாம் என்னுடையவை. களஞ்சிய அறைத் திறப்பையும் என்னிடம் தந்தார்கள். "மிச்சக் காசைக் கொண்டு வந்தால் எல்லாமே உனக்குத்தான், பகிடி இல்லை" என்று ரபி இரண்டு முறை சொன்னார். வீட்டில் மனிசி, "ஒப்பந்தத்தை வடிவாக வாசிச்சீங்களோ, வரி கிரி கேட்டு வருவாங்களோ" என்று கவலைப்பட்டாள்.

அந்த வருசம் பெரிய வெள்ளி சித்திரை 9. கோயிலில் யோவானின் பாடுகளை வாசித்தோம். உரையாளர் பகுதி எனக்கு. இயேசு ஃபாதர், மற்றவர்கள் உபதேசியார் அண்ணை, கூட்டத்தின் குரல் சனம் முழுக்க. யோவானில் 'யூதர்கள்' என்ற சொல் எத்தனை தரம் வருகிறது என்பது நின்று வாசிக்கிறவனுக்குத்தான் தெரியும். சின்னனில் இருந்து கேட்ட பகுதி, ஒருநாளும் எண்ணியதில்லை. அன்றைக்கு ஒவ்வொரு தரமும் எனக்கு ஒரு எள்ளுத் தட்டு நினைவில் வந்தது. காற்சட்டைப் பையில் திறப்பு துடையில் குத்திக்கொண்டிருந்தது. நான் நிறுத்திய இடத்தில் நானூறு பேர் ஒரே குரலில், "ஒழிக! ஒழிக! அவனைச் சிலுவையில் அறையும்!" என்றார்கள். தோட்டவெளி மாமியின் குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது. மாமி எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

இரண்டு வருசம் கழித்து, 2006 ஆடியில், மலிபுவில் மதுபோதையில் கார் ஓட்டிப் பிடிபட்ட கிப்சன் பொலிசாரிடம் யூதரைப் பற்றிக் கத்தியதும், பிறகு மன்னிப்புக் கேட்டதும் எல்லாப் பேப்பரிலும் வந்தன. உபதேசியார் அண்ணை என்னைக் கண்டதும் வேறு பக்கம் பார்த்தார். முதலாளி பேப்பரை மடித்து அடுப்புக்குக் கீழே போட்டுவிட்டு, மா பதம் வந்துவிட்டதா என்று கேட்டார்.

ஆனால் அது பிந்திய கதை. 2004 சித்திரை 13 இரவு, வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகு ரபி திரும்பி வந்தார். மிச்சக் காசு இருக்கிறதா என்று முறைப்படி கேட்டார். இல்லை என்றேன். 50 டொலரைத் திருப்பித் தந்தார். முதலாளி தன் பையில் இருந்து இன்னும் பத்தை எடுத்து, "எட்டு நாள் கடை வைத்திருந்தவனுக்கு லாபம் இல்லாமல் எப்படி?" என்றார். திறப்பைக் கொடுத்தேன். களஞ்சியத்தைத் திறந்து முதல் மூட்டையை நானும் அவரும் ஆளுக்கொரு நுனியில் பிடித்து இழுத்து வந்தோம். விடிய நாலரைக்கு முதல் தட்டு அடுப்பில் இருந்து வெளியே வந்தபோது, எட்டு நாளும் புளிக்காத மாவில் சுட்ட மாற்சா அப்பளத்தையே கடித்த சனம் பனிக்குள் வரிசையில் நின்றது. அந்தக் கிழவிகளும் நின்றார்கள். அன்றைக்கு வாங்கிய பிறகும் போகாமல், வாசலிலேயே நின்று கிழித்துச் சாப்பிட்டுக்கொண்டு சத்தமாகக் கதைத்தார்கள்.